ஆறு வீங்காது ஐயா: ஆங்கிலப் பயிற்சிச் செயலி மீது ஒரு புகார்

அனுப்புநர்
தனிப்பயிற்சி ஆசிரியை,
பாளையங்கோட்டை, திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
ஆங்கிலப் பயிற்சிச் செயலி நிறுவனம்.

பொருள்: 'ஸ்வெல்' என்ற வினைச்சொல்லுக்குத் தவறான இறந்தகால வடிவமும் பொருந்தாத தமிழ்ப் பொருளும் தந்திருப்பது – திருத்தமும் சந்தாத் தொகையும் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று பெயர் வாங்கிய ஊர் இது. இங்கே தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் ரிட்டயர்டு வாத்தியார் யாராவது தெருவிலேயே நிறுத்தித் திருத்திவிடுவார். 'தமிழ்வழி மாணவர்களுக்காகவே' என்ற விளம்பரத்தை நம்பி, ஓராண்டுச் சந்தா 1,499 ரூபாய் கட்டி உங்கள் செயலியை வாங்கினேன்.

உங்கள் தேர்வில் 'மழையால் நேற்று ஆறு பெருகியது' என்ற பொருளில் ஒரு வாக்கியம்; வினைச்சொல் இருக்க வேண்டிய இடம் காலி. என் மாணவி 'ஸ்வெல்டு' என்று தட்டினாள். சிவப்புப் பெருக்கல் குறி வந்து விழுந்தது. அதன் கீழே பச்சையில் 'சரியான விடை: ஸ்வோல்' என்று காட்டியது. பாடப்பகுதியைத் திறந்து பார்த்தால், பட்டியலே 'ஸ்வெல், ஸ்வோல், ஸ்வோலன்' என்றுதான் இருக்கிறது. 'ஸ்டீல், ஸ்டோல், ஸ்டோலன்' பக்கத்தைப் பார்த்து யாரோ கைபோன போக்கில் நிரப்பியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இறந்தகாலம் 'ஸ்வெல்டு'தான். பாஸ்ட் பார்டிசிபிளுக்குத்தான் 'ஸ்வோலன்', 'ஸ்வெல்டு' என இரண்டு வடிவமும் உண்டு. கால், கை, முகம் என்றால் 'ஹேஸ் ஸ்வோலன்' என்பது அதிகம். எண்ணிக்கை, கூட்டம் என்றால் 'ஹேஸ் ஸ்வெல்டு' என்று எழுதுவதும் சகஜம். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடைமொழியாக வரும்போது பெரும்பாலும் 'ஸ்வோலன்'. 'ஸ்வோல்' என்று இன்று ஆங்கிலத்தில் ஒரு சொல் புழங்குவது எனக்கும் தெரியும். ஜிம்முக்குப் போய் உடம்பை ஏற்றியவனை இளவட்டங்கள் அப்படிச் சொல்கிறார்கள். அதைப் பரீட்சையில் எழுதினால் மார்க் போய்விடும்.

இலக்கணமாவது ஒரு வரியில் திருத்திவிடக்கூடியது. தமிழ்ப் பொருள்தான் பெரிய கூத்து. எல்லா வாக்கியத்துக்கும் 'வீங்கு' என்ற ஒரே சொல்லைப் போட்டு ஓட்டியிருக்கிறீர்கள். கணுக்கால் வீங்கும், சரி. ஆறு வீங்குமா? 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகி, குறுக்குத்துறை முருகன் கோயிலை மூழ்கடித்துக்கொண்டு போனதைப் பார்த்த ஊர் எங்களுடையது. 'ஆறு பெருகிட்டு', 'வெள்ளம் வந்துட்டு' என்றுதான் சொன்னோம். வீங்கியது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. கார்த்திகை மழையில் வாசல் கதவு உப்பிக்கொள்ளும். ஊறப்போட்ட கொண்டைக்கடலை பருக்கும். காற்றடித்தால் படகின் பாய் புடைக்கும். ஆனித் தேரோட்டத்துக்குக் கூட்டம் பெருகும். பிள்ளை மேடையேறிப் பரிசு வாங்கினால் பெற்றவளுக்கு நெஞ்சு விம்மும். இத்தனைக்கும் ஆங்கிலக்காரன் 'ஸ்வெல்' என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறான். தமிழ்ப் பிள்ளைக்கு இடம் பார்த்துப் பிரித்துக் காட்டத்தானே காசு வாங்குகிறீர்கள்? 'ஸ்வோலன் ஹெட்' என்பதற்கு 'வீங்கிய தலை' என்று எழுதி, கட்டுப்போட்ட மண்டையைப் படமாக வேறு போட்டிருக்கிறீர்கள். அது தலைக்கனம் ஐயா, காயம் இல்லை.

கடல் விஷயம் சிரித்துவிட்டு விடக்கூடியது இல்லை. 'ஹெவி ஸ்வெல்' என்பதற்குக் 'கனமான வீக்கம்' என்று இருக்கிறது. உவரியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பிள்ளை அதை வாசித்துவிட்டு, 'மிஸ், கடலுக்கும் யானைக்கால் வந்துட்டா?' என்றாள். வகுப்பே சிரித்தது. ஆனால் அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். தூரத்துக் கடலில் அடித்த காற்று எழுப்பிய அலை, இங்கே காற்றே இல்லாத நாளில்கூடக் கரையில் வந்து மோதும். அதைத்தான் ஆங்கிலத்தில் 'ஸ்வெல்' என்கிறார்கள். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் விடுக்கும் எச்சரிக்கையில் இந்தச் சொல் வரும்; தமிழ்ப் பத்திரிகைகள் 'கள்ளக்கடல்' என்று போடுகின்றன. இடிந்தகரையிலோ கூத்தங்குழியிலோ வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவள் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தியாகவே இருக்கலாம். செய்தியை வீக்கம் என்று வாசித்தால் வள்ளத்தை மேலே இழுத்துக் கட்ட யாருக்குத் தோன்றும்?

இன்னொன்று. 'எக்ஸ்பேண்ட்', 'என்லார்ஜ்', 'ஸ்வெல்' மூன்றையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடலாம் என்று குறிப்பு தந்திருக்கிறீர்கள். அதை நம்பி ஒரு பையன், அவன் மாமா ஜங்ஷனில் கடையை 'ஸ்வெல்' பண்ணியதாகக் கட்டுரை எழுதிவிட்டான். கடையை விரிவாக்கினால் 'எக்ஸ்பேண்ட்'. போட்டோவைப் பெரிசாக்கினால் 'என்லார்ஜ்' என்று ஸ்டுடியோக்காரரே சொல்வார்.

இவ்வளவையும் ஸ்கிரீன்ஷாட்டுகளோடு மின்னஞ்சலில் அனுப்பினேன். 'எங்கள் பாட வல்லுநர்கள் சரிபார்த்தார்கள், பிழை ஏதும் இல்லை' என்று ஒரு வரியில் பதில் போட்டுப் புகாரை மூடிவிட்டீர்கள். எந்த அகராதியைப் புரட்டிச் சரிபார்த்தார்கள் என்று கேட்டதற்கு இதுவரை பதில் இல்லை.

ஆகவே, அந்தப் பாடத்தைத் திருத்தி, ஏற்கெனவே படித்த எல்லா மாணவர்களுக்கும் அறிவிப்பு அனுப்ப வேண்டும். 'ஸ்வெல்டு' என்று எழுதி மதிப்பெண் இழந்தவர்களுக்கு அதைத் திரும்பத் தர வேண்டும். சந்தாவில் மீதிக் காலத்துக்கான தொகை என் கணக்குக்கு வர வேண்டும். 15 நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நான் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. உங்கள் ஆள்தான் நெல்லைக்கு வர வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்

இணைப்பு: பணம் கட்டிய ரசீது, தேர்வுப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டுகள், உங்கள் ஒரு வரிப் பதிலின் நகல்.