காய்ந்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தண்ணீர் புகுந்த கார்களைப் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கதவுகளைத் திறந்து இரண்டு நாள் வெயிலில் நிறுத்தி வையுங்கள், பிறகு ஸ்டார்ட் செய்து பாருங்கள் என்று எழுதியிருந்தீர்கள். பத்தொன்பது வருஷமாகக் கார் வயரிங் வேலை பார்க்கிறவன் நான். அந்த யோசனையைக் கேட்டு நடந்த வண்டிகள்தான் மூன்று மாதம் கழித்து எங்களிடம் வந்து நிற்கின்றன. அதனால்தான் இந்தக் கடிதம்.

என்ஜினுக்குள் தண்ணீர் போனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும் என்று எச்சரித்தது சரி. மின்சார சமாச்சாரத்தில்தான் கட்டுரை சறுக்கிவிட்டது.

வண்டியின் எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டைக் கெடுப்பது தண்ணீர் மட்டுமல்ல, அந்தத் தண்ணீருக்குள் ஓடும் கரண்ட். வண்டியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்ட பிறகும் சென்ட்ரல் லாக், அலாரம், கடிகாரம் இவற்றுக்காகச் சில போர்டுகளில் 12 வோல்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். அழுக்குத் தண்ணீரில் உப்பு கரைந்திருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். நெருங்கி ஓடும் இரண்டு செம்புத் தடங்களுக்கு நடுவில் ஒரு சொட்டு தங்கினால் போதும், பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு கரைய ஆரம்பித்துவிடும். முலாம் பூசும் தொட்டியில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது. பேட்டரியைக் கழற்றாமல் வெயிலில் போட்டால், ஈரம் போகும் வரை போர்டு அரித்துக்கொண்டேதான் இருக்கும். முதல் வேலை, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுவது. லைட் எரிகிறதா பார்க்கலாம் என்று சாவியைத் திருப்பும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். (ஹைபிரிட், மின்சாரக் கார் என்றால் உயர் வோல்டேஜ் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிள் பக்கமே போகாதீர்கள். அது பயிற்சி பெற்றவர்கள் தொடவேண்டிய இடம்.)

அடுத்து, காய்வது. தண்ணீர் ஆவியாகிப் போகும், அதோடு வந்த உப்பும் சேறும் போகாது. காற்றில் ஈரப்பதம் ஏறும்போதெல்லாம் அந்தப் படிவம் மறுபடி நனைந்து வேலையைக் காட்டும்.

இதற்கு வெள்ளம்கூட வேண்டியதில்லை. போன மாதம் ஒரு வண்டி வந்தது. ராத்திரியில் ஹாரன் தானாக அடிக்கிறது, வைப்பர் தானாக ஆடுகிறது, காலையில் பார்த்தால் பேட்டரி செத்துக் கிடக்கிறது. ஏற்கெனவே இரண்டு இடத்தில் புது பேட்டரி போட்டாயிற்று. முன்சீட்டுக்குக் கீழே கார்பெட்டைத் தொட்டேன், காய்ந்துதான் இருந்தது. உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். விரலிடுக்கில் தண்ணீர் ஊறி வந்தது. அடியில் இருக்கிற ஸ்பாஞ்சு முழுக்க நனைந்திருந்தது. ஏசித் தண்ணீர் வெளியே போகும் குழாயில் தூசி அடைத்து, தண்ணீர் உள்ளேயே வழிந்திருக்கிறது. பக்கவாட்டு பேனலைக் கழற்றி, ஹாரன், வைப்பர் போன்றவற்றை இயக்கும் எலக்ட்ரானிக் பெட்டியான பாடி கன்ட்ரோல் மாட்யூலின் கப்ளரை (வயர்களைச் செருகும் இணைப்பை) உருவிப் பார்த்தால், அத்தனை பின்களில் இரண்டே இரண்டில் பச்சைக் களிம்பு. அதில் ஒன்று நகம் பட்டதும் பொடியாக உதிர்ந்தது.

மாட்யூலைத் திறந்து, டிஸ்டில்ட் வாட்டரில் கழுவி, 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தொட்டு மெல்லிய பிரஷ்ஷால் களிம்பு போகும்வரை தேய்த்தேன். ஒரு நாள் முழுக்கக் காற்றோட்டத்தில் வைத்தேன். அரித்துப்போன தடத்துக்கு மேல் மெல்லிய கம்பி வைத்துச் சால்டர் செய்து, பாதுகாப்பு வார்னிஷ் அடித்தேன். கப்ளரில் இரண்டு பின்னையும் மாற்றினேன். பலர் கோட்டைவிடுவது வயரில். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரி, வயரின் இழைகள் தண்ணீரை இன்சுலேஷனுக்குள் இழுத்துக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. கறுத்த செம்பை வெட்டிக்கொண்டே போய், பளபளவென்று செம்பு தெரிகிற இடத்தில்தான் ஒட்டுப் போட வேண்டும்.

எங்கள் தொழிலின் மீதும் குற்றம் உண்டு. ஸ்கேனரில், மாட்யூலோடு தொடர்பு இல்லை என்று சொல்லும் கம்யூனிகேஷன் எரர் கோட் (code) வந்தால் திறந்துகூடப் பார்க்காமல் மாட்யூலை மாற்றச் சொல்லிவிடுகிறார்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் (CAN) கம்பிகள் இரண்டுக்கும் நடுவே மீட்டர் வைத்தால் பெரும்பாலான வண்டிகளில் 60 ஓம் காட்டவேண்டும். இரண்டு முனையிலும் இருக்கும் 120 ஓம் ரெசிஸ்டர்களின் கணக்கு அது. 120 காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் ஷார்ட். இரண்டு நிமிஷ வேலை. பழைய வண்டியிலிருந்து கழற்றிய ஈசிஎம்மை (என்ஜினைக் கட்டுப்படுத்தும் மாட்யூலை) வாங்கிப் போடச் சொல்கிறவர்களிடம், சாவியோடு அதைக் கோடிங் செய்துதருவீர்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு அமைப்பு ஸ்டார்ட் ஆக விடாது.

எல்லாவற்றையும் கழுவிக் காப்பாற்றிவிடலாம் என்று சொல்லவில்லை. கடல்நீரில் மூழ்கி, சிப்பின் கால்களே அரித்துப்போன போர்டில் நேரத்தைச் செலவழிக்க நான் தயாராக இல்லை. நனைந்த ஏர்பேக் மாட்யூலை எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் மாற்றியே ஆகவேண்டும். ஏர்பேக் வயரிங்கின் மஞ்சள் நிறக் கப்ளர்களில் மீட்டர் வைத்துப் பார்க்கும் விளையாட்டும் வேண்டாம், ஏர்பேக் வெடித்துத் திறந்துகொள்ளலாம்.

மழைக்காலம் வருவதற்குள் அந்த ‘இரண்டு நாள் வெயில்’ யோசனைக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். பெட்டிச் செய்தி அளவு இடம் கிடைத்தாலும் போதும், பேட்டரியைக் கழற்றச் சொல்லும் வரி முதலில் வரட்டும்.

இப்படிக்கு,
ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்