ரிசுடொரா என்றாயே

கண்ணம்மா,

போன மாதம் போனில், "ஆபீஸ்ல ரிசுடொரா நடக்குதுப்பா, எனக்கு ஒண்ணுமில்ல" என்றாய். அப்புறம் பேச்சே இல்லை. அம்மா ரசப்பொடி இடித்து வைத்திருக்கிறாள். அது கிடக்கட்டும், அந்தச் சொல்லைப் பார்ப்போம்.

ஜப்பான்காரர்கள் சொல்லும் சொல், மூலம் ஆங்கில ரீஸ்ட்ரக்சரிங், அதாவது நிறுவனச் சீரமைப்பு. ஜப்பானியத்தில் 'ன்' தவிர மெய் தனித்து நிற்காது. நாம் பஸ்ஸு, காரு என்கிற மாதிரி அவர்களும் 'ஸ்' வந்தால் உகரம் சேர்ப்பார்கள். 'ட்'டுக்கு உகரம் போட்டால் 'த்சு' ஆகிவிடும், அதனால் அங்கே ஒகரம். ரி-சு-டொ-ரா-கு-சா-ரி-ன்-கு, அவர்கள் கணக்கில் ஒன்பது மாத்திரை. முதல் நாலோடு வெட்டிவிட்டார்கள். இன்ஃப்ளேஷன் 'இன்ஃபுரெ' ஆனதும் இப்படித்தான். லிஸ்ட் என்பதும் அவர்கள் வாயில் 'ரிசுடொ' என்பதால், பெயர்ப் பட்டியலிலிருந்து பிறந்த சொல் என்று நினைத்துவிடாதே. பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

1990-களில், நிலமும் பங்கும் தாறுமாறாக விலை ஏறியிருந்த குமிழிப் பொருளாதாரம் உடைந்த பிறகு பொருளும் சுருங்கியது. சீரமைப்பு போய் ஆட்குறைப்பு மட்டும் மிஞ்சியது. 'ரிசுடொரா சரேதா' என்றால் வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். அப்படித் தூக்க 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், இல்லையென்றால் அந்த நாட்களுக்குச் சம்பளம். போதிய காரணமில்லாமல் நீக்கினால் நீதிமன்றத்திலும் நிற்காது. அதனால்தான் 'கத்தாதத்தாக்கி': தோளைத் தட்டி, நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்களேன் என்பார்கள். கையெழுத்துப் போடாதே. நீயாக விலகியதாகப் பதிவானால், வேலையில்லாக் கால உதவித்தொகை 7 நாள் காத்திருப்புக்குப் பிறகும் தள்ளிப்போகும். எதிலும் கையெழுத்துப் போடாதே.

உன்னைப் போல வேலை விசாவில் இருக்கிற யாருக்காவது வேலை போனால் 14 நாளுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தகுந்த காரணமின்றி 3 மாதம் விசாவுக்குரிய வேலை செய்யாமல் இருந்தால் விசாவையே ரத்து செய்ய இடமுண்டு. வேலை தேடுவதற்குச் சான்றான கடிதங்களை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல். 14 நாள், மறக்கக் கூடாது.

அந்த ஊர்க்காரர்களோடு அவர்கள் பாஷையிலேயே வாதாடுகிறவள் நீ. எங்களிடம் மட்டும் வாய் திறக்க மாட்டாய். திறக்க விடாதவன் நான்தானே. மாமா வேலை போய் வந்து நின்ற அன்று நான் பேசியதெல்லாம் உன் காதிலும் விழுந்தது. அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அதை அவரிடம் சொல்லவும் இல்லை.

ரசப்பொடியை வியாழக்கிழமை தபாலில் போடுகிறேன். பழைய முகவரிதானே?

அப்பா