உன் 14-ஆம் வரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய கணினி நிரலை அச்செடுத்து, நேற்று இரவு சாப்பாட்டு மேசையில் பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன். வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதத்தில் பஸ் டிக்கெட் சலுகைக் கட்டணத்தைக் கணக்கிடும் வேலையை உன்னை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை. நீ சோதித்துப் பார்த்த எட்டுப் பயணிகளுக்கும் விடை சரியாகவே வருகிறது. ஆனால் 14-ஆம் வரியில் இருபது நிமிடம் நின்றுவிட்டேன். இருபத்திரண்டு வருடம் இதே வேலையைச் செய்தவள் நான். எனக்கே இப்படியென்றால், நாளை உன் இடத்துக்கு வரும் பிள்ளை என்ன பாடுபடும்?

நீ ஆங்கிலத்தில் தட்டியதைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன்:

இஃப் (!நாட்ஆக்டிவ் && !(டி < 60 || ஃப்ளாக்))

ஆச்சரியக்குறியை 'இல்லை' என்றும், இரட்டைக் கோட்டை 'அல்லது' என்றும் வைத்து இதை வாய்விட்டுப் படி. "செயலில் இல்லாதது இல்லை என்றால், அதோடு டி அறுபதுக்குக் குறைவு அல்லது ஃப்ளாக் என்பதும் இல்லை என்றால்..." பாட்டியிடம் இப்படிப் பேசிப் பார், பாதியிலேயே கையை உதறிவிட்டு எழுந்து போய்விடுவாள்.

அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் மறுப்பை உள்ளே கொண்டுபோனால் 'அல்லது' 'மற்றும்' ஆகிவிடும், உள்ளே இருப்பது ஒவ்வொன்றும் தனித்தனியே மறுக்கப்படும். டி மார்கன் விதி என்று கல்லூரியில் படித்திருப்பாய். அந்த அகஸ்டஸ் டி மார்கன் 1806-இல் நம் மதுரையில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்துக்குப் போய்விட்டது. ஆனாலும் அந்த விதியைப் பயன்படுத்தும்போதெல்லாம் எனக்கு ஒரு சொந்தம் தோன்றும்.

விதிப்படி பிரித்தால் உன் வரி சொல்வது மூன்றே செய்தி: கணக்கு செயலில் இருக்கிறது, பயணிக்கு அறுபது நிறைந்திருக்கிறது, டிக்கெட் ரத்தாகவில்லை. 'ஃப்ளாக்' என்றால் ரத்து என்பதை 5-ஆம் வரிக்கும், 'டி' என்றால் வயது என்பதை 9-ஆம் வரிக்கும் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

பள்ளியில் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் படித்தாயே, நினைவிருக்கிறதா? மண், மரம் இடுகுறி. நாற்காலியும் பறவையும் காரணம் பற்றி வந்தவை. மண் என்றதும் நமக்குப் புரிவது, தமிழ் பேசுகிற அத்தனை பேரும் தலைமுறை தலைமுறையாக அந்தப் பெயரை ஒப்புக்கொண்டிருப்பதால். உன் 'டி'யை ஒப்புக்கொண்டிருப்பவள் நீ ஒருத்திதான். மதிப்பைத் தாங்கி நிற்கும் மாறிக்குக் காரணப்பெயரே வை. ஆம், இல்லை என்று பதில் வருகிற மாறி என்றால் பெயரையே கேள்வியாக வை. பெயருக்குள் 'நாட்' வேண்டாம்; மறுக்க வேண்டிய இடத்தில் மறுத்துக்கொள்ள ஆச்சரியக்குறி இருக்கிறது. அலுவலகத்தில் எல்லோரும் படிக்க வேண்டும், அங்கே ஆங்கிலம்தான் சரி. ஆனால் மாறிக்குத் தமிழ் எழுத்தில் பெயர் வைத்தாலும் நீ எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி ஏற்றுக்கொள்ளும், அதனால் நமக்குள் இப்படி எழுதிப் பார்க்கிறேன்:

கான்ஸ்ட் மூத்தவரா = வயது >= மூத்தோர்வயது
கான்ஸ்ட் சலுகைஉண்டா = கணக்குசெயலில்உள்ளதா && மூத்தவரா && !டிக்கெட்ரத்தானதா
இஃப் (சலுகைஉண்டா)

60 என்ற எண்ணையும் 'மூத்தோர்வயது' ஆக்கிவிட்டேன். நாளை சலுகை வயது மாறினால், 60 என்று தேடும்போது நிமிடக் கணக்கில் வரும் 60-உம் சேர்ந்து வந்து நிற்கும்.

இப்போது 9-ஆம் வரி. உண்மையில் இதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். 'டி = டேட்டா.ஏஜ் || 30' என்று போட்டிருக்கிறாய். வயது வராவிட்டால் முப்பது என்று வைத்துக்கொள் என்பது உன் எண்ணம். ஆனால் '||' தன் இடப்பக்கம் பொய் என்றால் வலப்பக்கத்தை எடுத்துக்கொள்ளும், ஜாவாஸ்கிரிப்ட் 0-வையும் பொய் என்றே எடுத்துக்கொள்ளும்; எழுத்தே இல்லாத வெற்றுச் சரம், மதிப்பு இல்லை என்கிற நல், மதிப்பே தரப்படாத அன்டிஃபைன்ட் எல்லாம் அதோடு ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒரு வயது நிறையாத குழந்தையின் வயது 0 என்றுதானே பதிவாகும்? கைக்குழந்தைக்குக் கட்டணம் இல்லை என்று 20-ஆம் வரியில் நீயே எழுதியிருக்கிறாய். அந்த வரி வருவதற்குள் குழந்தைக்கு முப்பது வயதாகி, முழு டிக்கெட் விழுந்துவிடுகிறது. உன் எட்டுப் பயணிகளில் மிகச் சிறியவனுக்கு நான்கு வயது, அதனால் இது உன் கண்ணில் படவில்லை.

இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். 2009-இல் ஒரு பள்ளிக்கு மதிப்பெண் பட்டியல் நிரல் எழுதினேன். 'இஃப் (!மதிப்பெண்)' என்றால் 'தேர்வு எழுதவில்லை' என்று காட்டச் சொல்லியிருந்தேன். கணக்கில் பூஜ்யம் வாங்கிய ஒரு பையனுக்கும் அப்படியே அச்சாகிவிட்டது. தேர்வுக்குப் போகாமல் ஊர் சுற்றினான் என்று வீட்டில் அடித்திருக்கிறார்கள். 'எழுதினேன், எழுதினேன்' என்று அவன் அழுதிருக்கிறான். இரண்டு நாள் கழித்து அவன் அப்பா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து விடைத்தாளைக் கேட்ட பிறகுதான் உண்மை வெளியே வந்தது. அவர் அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். பூஜ்யம் வேறு, இல்லாமை வேறு என்பதை எந்தப் புத்தகமும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை.

எனக்கு அன்று இல்லாத வசதி உனக்கு இருக்கிறது. 2020-இல் '??' என்ற குறி மொழிக்குள் வந்துவிட்டது. அது நல், அன்டிஃபைன்ட் இரண்டுக்கு மட்டுமே மாற்று மதிப்பைத் தரும், 0-வைத் தொடாது. இருந்தாலும் '|| 30' என்பதை '?? 30' என்று மாற்றினால் மட்டும் போதுமா? வயதே சொல்லாதவருக்கு முப்பது என்று யார் முடிவு செய்தது? அந்த முப்பதை எடுத்துவிடு. எடுக்கும்போது 14-ஆம் வரி பழைய வடிவத்தில் இருந்தால் இன்னொரு ஆபத்து வரும். அன்டிஃபைன்ட் < 60 என்பதும் பொய், அன்டிஃபைன்ட் >= 60 என்பதும் பொய். முதலாவதை மறுத்து எழுதியிருப்பதால், வயது இல்லாதவருக்கெல்லாம் மூத்தோர் சலுகை போய்ச் சேரும். நேராக '>=' என்று கேட்டால் போகாது.

22-ஆம் வரிக்குப் பிறகு இஃபுக்குள் இஃபாக ஐந்து அடுக்கு இறங்கியிருக்கிறாய். ஆகாதவற்றை முதலிலேயே ரிட்டர்ன் போட்டு அனுப்பிவிடு: டிக்கெட் ரத்தானதா, ரிட்டர்ன், கணக்கு செயலில் இல்லையா, ரிட்டர்ன். மிச்சம் இருப்பது இடது ஓரத்திலேயே நேராக வரும். ஒப்பிடுவதற்கு இரண்டு சமக்குறி போட்ட இடங்களில் மூன்றாக மாற்று. இரண்டு போட்டால் வெற்றுச் சரமும் 0-வும் சமம் என்று அது சொல்லிவிடும்.

பென்சில் குறி போட்ட தாளை நாளை முறுக்கோடு சேர்த்துக் கூரியரில் அனுப்புகிறேன். வயது சொல்லாத பயணியை என்ன செய்வது என்று மட்டும் நான் எதுவும் எழுதவில்லை. அதை உன் மேலாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள், நீயாக ஊகிக்காதே. ஆனால் 9-ஆம் வரியைத் தாள் வரும் வரை வைத்திருக்காமல் இன்றே திருத்திவிடு. தீபாவளிக்குக் கைக்குழந்தையோடு ஊருக்குப் போகிறவர்கள் இந்த வாரமே டிக்கெட் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அன்புடன்,
அம்மா