லேப்டாப் வாங்கும் முன் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

மேக்புக் ஏர், டெல் எக்ஸ்பிஎஸ் 13, திங்க்பேட் எக்ஸ்1 கார்பன், இந்த மூன்றில் எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

மேக்புக் ஏர் எனக்கு ரொம்பப் பிடித்த மெஷின். அதில் ஃபேனே கிடையாது. அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று கும்பகோணத்தில் சர்வீஸ் கடை வைத்திருப்பவனுக்குத்தான் தெரியும். சம்பா அறுவடை முடிந்தால் ரைஸ்மில் ஆட்கள் வரிசையாக வருவார்கள். போன வாரம் ஒருவருடைய லேப்டாப்பைத் திறந்தேன். ஃபேனுக்கும், சூட்டை வாங்கி வெளியேற்றுகிற ஹீட்சிங்குக்கும் நடுவில் உமித்தூசி ஈரத்தோடு சேர்ந்து இறுகிக் கிடந்தது. பிரஷ் போட்டால் அசையவில்லை. இடுக்கியால் தகடாக உரித்து எடுத்தேன்.

ஆனாலும் உனக்கு அது வேண்டாம் என்பேன். ஆபீசில் நீ பார்ப்பது கட்டடத்தின் பலத்தைக் கணக்கிடுகிற ஈடேப்ஸும், கட்டட மாடல் போடுகிற ரெவிட்டும். இரண்டும் விண்டோஸில் ஓடுகிறவை. 2020 நவம்பரில் ஆப்பிள் தன்னுடைய எம்1 சிப்புக்கு மாறியதோடு, ஆப்பிளின் பூட் கேம்ப் சாஃப்ட்வேர் வைத்து மேக்கில் விண்டோஸ் போடுகிற வழியும் போய்விட்டது. அப்புறம், பத்து மாடிக் கட்டடத்துக்கு அனாலிசிஸ் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் சிப் விடாமல் சூடாகும். ஃபேன் இல்லாத மெஷின் அந்தச் சூட்டைத் தாங்க வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடிதம் எழுத, படம் பார்க்க அது தெரியாது. உன் வேலையில் தெரியும்.

எக்ஸ்பிஎஸ் பார்க்க அழகு, திரையும் பிரமாதம். ஆனால் 2022இல் வந்த பிளஸ் மாடலில் மேல் வரிசை ஃபங்ஷன் கீகளை எடுத்துவிட்டு, தொட்டால் வேலை செய்கிற பட்டையாக்கிவிட்டார்கள். வரைபடம் போடுகிற ஆட்டோகேடில் எஃப்3, எஃப்8 கீகள் இரண்டையும் நீ கீபோர்டைப் பார்க்காமலே தட்டுகிறவள். விரலுக்குக் கீ தட்டுப்படாவிட்டால் உனக்கு எரிச்சல்தான் வரும். எந்த மாடலாக இருந்தாலும் கடையில் கைவைத்துப் பார்க்காமல் வாங்காதே.

எக்ஸ்1 கார்பனின் கீபோர்டு அருமை, எடையும் ஏறக்குறைய 1.1 கிலோதான். எனக்கு இடிப்பது ஒன்றே ஒன்று: ராம். நீ சொன்ன மூன்றிலுமே ராமை, அதாவது வேலை ஓடும்போது பயன்படுகிற மெமரியை, கழற்ற முடியாதபடி போர்டிலோ சிப்போடோ சேர்த்தே பொருத்திவிடுகிறார்கள். 16 ஜிபி வாங்கினால் கடைசிவரை 16தான். இரண்டு வருஷம் கழித்து நீ போடுகிற கட்டட மாடல்கள் பெரிதானால் மெஷினையே மாற்ற வேண்டிவரும்.

அதனால் நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். அதே திங்க்பேடில் டி14, ஐந்தாம் தலைமுறையைப் பார். ராமைச் செருகிக் கழற்ற இரண்டு ஸ்லாட் இருக்கிறது. கொஞ்சம் தடிமன், எடையும் கூடுதல், ஆபீசில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் ஊருக்கு வரும்போது நானே அடிமூடியைத் திறந்து ராம் போட்டுத் தருவேன். எக்ஸ்1தான் வேண்டும் என்று மனசு கேட்டால் சரி, வாங்கு. வாங்கும்போதே 32 ஜிபியாக வாங்கிவிடு.

ரெவிட்டுக்கு என்ன கிராபிக்ஸ் வேண்டும் என்று உங்கள் ஐடி ஆட்களிடம் கேட்டுச் சொல். அது தெரிந்ததும் பணம் அனுப்புகிறேன். ஆள் நம் இடத்துக்கே வந்து ரிப்பேர் செய்கிற ஆன்சைட் வாரண்டியையும் சேர்த்தே போடச் சொல்.

அன்புடன்,
அப்பா