செங்கோட்டை கம்பைலர் குழு: பழைய மெஷினில் டெஸ்ட் விழுந்தால்

லேபில் இருக்கும் கோர் 2 டியோ (பழைய இன்டெல் பிராசஸர்) மெஷின்களில் டெஸ்ட் சூட் ஓட்டுகிறவர்கள் கவனத்துக்கு. "கிராஷ் ஆகுது" என்று மட்டும் போடாதீங்க, எக்ஸிட் கோடையும் (புரோகிராம் முடியும்போது விட்டுப்போகும் எண்) போடுங்க. பாதி விடை அதிலேயே இருக்கு.

132 வந்தால் சிக்னல் 4 (எக்ஸிட் கோடில் 128-ஐக் கழித்தால், புரோகிராமை நிறுத்திய சிக்னலின் எண்), பிராசஸருக்குத் தெரியாத இன்ஸ்ட்ரக்‌ஷன். இன்டெல்லில் ஏவிஎக்ஸ் என்ற இன்ஸ்ட்ரக்‌ஷன் தொகுப்பு வந்ததே 2011-இல், சாண்டி பிரிட்ஜ் பிராசஸரோடு. புது லேப்டாப்பில் 'மார்ச் நேட்டிவ்' (கட்டுகிற மெஷினின் பிராசஸருக்கே ஏற்றபடி கட்டச் சொல்லும் கம்பைலர் ஆப்ஷன்) கொடுத்து பில்ட் செய்ததைப் பென் டிரைவில் கொண்டுவந்து ஓட்டினால் விழத்தான் செய்யும். ஜிடிபி டீபக்கரில் டிஸ்அசெம்பிள் போட்டுப் பாருங்க: அம்புக்குறி நிற்கும் வரி பெரும்பாலும் 'வி' எழுத்தில் தொடங்கும். 'மார்ச்' இடத்தில் 'எக்ஸ்86-64-வி2' கொடுத்தாலும் ஆகாது, அது கேட்கும் எஸ்எஸ்இ 4.2 இன்ஸ்ட்ரக்‌ஷன்கள் கோர் 2-இல் கிடையாது. 'மார்ச்' இடத்தில் 'கோர்2' கொடுத்து, பழைய பில்ட் ஃபோல்டரை அடியோடு அழித்துவிட்டுத் திரும்பக் கட்டுங்க. மிச்சம் வைத்தால் பழைய ஆப்ஜெக்ட் ஃபைல் ஒட்டிக்கொண்டே வரும்.

137 என்றால் சிக்னல் 9. மெமரி போதாமல் கர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) கொன்றிருக்கும், கர்னல் செய்திகளைக் காட்டும் டீமெஸ்ஜி கமாண்டில் தெரியும். 2 ஜிபி மெஷினில் 'ஜே4' (ஒரே நேரத்தில் நாலு வேலை) எதுக்கு? 'ஜே1' போதும்.

139, சிக்னல் 11, தொடக்கூடாத மெமரி இடத்தைத் தொட்டது. ஒவ்வொரு தடவையும் ஒரே டெஸ்டில் விழுந்தால் புரோகிராம் கோடைப் பாருங்க. ஓட்டத்துக்கு ஓட்டம் இடம் மாறினால் ராம் மேல்தான் சந்தேகம், அதுவும் ஈரக் காற்று வீசும் சாரல் மாசத்தில். பவர் வயரைக் கழற்றி, ராமை எடுத்து, தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேயுங்க. தூளை வாயால் ஊதாதீங்க, எச்சில் ஈரம் படும். உலர்ந்த பிரஷ் போதும். அப்புறம் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ராத்திரி முழுக்க ஓடட்டும். ஒரு பிழை காட்டினாலும் அந்த ஸ்டிக்கைத் தனியா எடுத்து வைங்க.