மழைக்கு முன் நிலத்தடி கேபிளைச் சோதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்: சிறு தேயிலை விவசாயி (ஊர்மக்கள் சார்பாக), நீலகிரி மாவட்டம்

பெறுநர்: உயர்திரு. செயற்பொறியாளர் அவர்கள், மின் பகிர்மானம்

பொருள்: 11 கே.வி. நிலத்தடி கேபிளின் இன்சுலேஷன் (மின்கசிவைத் தடுக்கும் உறை) பழுதைத் தொடக்கத்திலேயே கண்டறியக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முன்பு கொடுத்த மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டு இருக்கிறது, பதில்தான் வரவில்லை. தடுப்புச்சுவரை ஒட்டி, கொண்டை ஊசி வளைவைத் தாண்டி பேக்டரிக்குப் போகும் கேபிள் தாங்கள் அறிந்ததே.

1. மழை வந்தால் அந்தக் கேபிள் பழுதாகிறது. தோண்டி, வெட்டி, புது ஜாயின்ட் (கேபிள் துண்டுகளைச் சேர்க்கும் இணைப்பு) போட்டு மூடுகிறார்கள். அடுத்த மழையில் பக்கத்து ஜாயின்ட் போகிறது.

2. வீடு இருட்டாக இருந்தால் சமாளித்துக்கொள்வோம். பறித்த பச்சைத் தேயிலையை என்ன செய்வது? இலை வாட்டும் விசிறி ஓடாவிட்டால் பேக்டரியில் இலை எடுக்க மாட்டார்கள். ஜெனரேட்டர் இருந்தாலும் டீசல் செலவுக்குப் பயந்து அளவாகத்தான் எடுக்கிறார்கள். மீதி இலை சாக்குக்குள்ளேயே சூடேறிச் சிவந்துவிடும். சிவந்த இலையை யார் வாங்குவார்கள்? ஆனால் பறித்த பெண்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும், உரக்கடை பாக்கியும் நிற்கிறது. மழையில்தான் கொழுந்து வரும். அந்த நேரம் பார்த்துக் கேபிளும் போனால் நாங்கள் எதை நம்பிப் பிழைப்பது ஐயா?

3. "மெக்கர் வைத்துப் பார்த்தோம், நல்லாத்தான் இருக்கு" என்கிறார்கள் தங்கள் ஊழியர்கள். மெக்கர் என்பது இன்சுலேஷனின் மின்தடையை அளக்கும் கருவி. ஆலையில் பல வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் என்பதால் சொல்கிறேன். ஜாயின்ட்டுக்குள் சின்னக் காற்றிடைவெளியில் நடக்கும் பார்ஷியல் டிஸ்சார்ஜ் (சின்னச் சின்ன மின்பொறி) மெக்கரில் தெரியாது. எக்ஸ்.எல்.பி.இ. (ஒருவகை பிளாஸ்டிக்) இன்சுலேஷனில் ஈரம் ஏறி, கிளை கிளையாகப் படர்வதும் முற்றும்வரை பெரும்பாலும் அதில் தெரியாது. கேபிளின் எர்த் இணைப்பில் சென்சார் மாட்டினால் சப்ளையை நிறுத்தாமலே டிஸ்சார்ஜைப் பிடிக்கலாம். 0.1 ஹெர்ட்ஸில் டான் டெல்டா (இன்சுலேஷன் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் அளவு) பார்க்கத்தான் லைனை நிறுத்த வேண்டும். பராமரிப்பு என்று பகல் முழுக்க நிறுத்துகிறீர்களே, அன்றைக்கே பார்க்கலாமே! பழைய கேபிளுக்குச் சோதனை என்று உயர் அழுத்த டி.சி. (நேர்மின்சாரம்) மட்டும் கொடுக்க வேண்டாம், அதுவே இன்சுலேஷனைக் கெடுத்துவிடக்கூடும்.

4. வெடித்த பிறகு தோண்ட ஆள் வருகிறது, ஜே.சி.பி. வருகிறது. வெடிக்கும் முன் ஒரு கருவி வரக் கூடாதா? இன்னும் எத்தனை மழைக்கு இதையே எழுதுவது?

ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். மே முடிவதற்குள் அந்தக் கேபிளை முழுவதும் சோதித்து, கெட்ட ஜாயின்ட்டுகளை மாற்றித் தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். சோதித்த முடிவை எழுத்தில் கொடுங்கள். தயவுசெய்து மழைக்கு முன் சோதியுங்கள் ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சிறு தேயிலை விவசாயி
(ஊர்மக்கள் கையொப்பம் இணைப்பில்)