சேகருக்கு, எத்தியோப்பியாவின் ஹவாசாவிலிருந்து

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் நிம்மதி. ஆனாலும் மாடிப்படி ஏற விடாதே. சமையலறைக்குப் பக்கத்து அறையையே படுக்கையறையாக மாற்றிவிடு, உங்கள் அம்மா இருந்தபோது அப்படித்தானே இருந்தது. பேரன் மடியில் உட்கார்ந்து 'தா தி தொம் நம்' சொல்ல ஆரம்பித்துவிட்டானாமே. கும்பகோணத்தில் உன் மிருதங்க வகுப்புக்கு வாரிசு தயார்.

எனக்கு இங்கே பாடம், பரீட்சைத் தாள், மறுபடி பாடம் என்று ஓடுகிறது. உடம்பு நன்றாக இருக்கிறது. ஏரிக்கரையில் காலையில் நடக்கிறேன். ஒப்பந்தம் முடிய இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். விடுதி அறையில் உன் டேப் ரிக்கார்டரில் தேயத் தேய ஓடிய ஜமைக்காப் பாடகர் பாப் மார்லியின் கேசட்டை நினைவுபடுத்தி, "அவருடைய ராஸ்தா மதத்துக்காரர்கள் சாமியாகக் கும்பிடும் ராஜாவின் நாட்டில்தானே இருக்கிறாய், அந்த ஆட்கள் யாரையாவது பார்த்தாயா?" என்று எழுதியிருந்தாய். பார்த்தேன், சேகர். ஒரு குடும்பத்தோடு நன்றாகப் பழகியும் விட்டேன். இந்தக் கடிதம் முழுக்க அவர்களைப் பற்றித்தான் இருக்கப்போகிறது.

ஹவாசாவுக்கு வடக்கே 25 கிலோமீட்டரில் ஷாஷமனே. பெரிய சந்தை ஊர். லாரிகளும் நம் ஊர் பஜாஜ் ஆட்டோக்களும் இடித்துக்கொண்டு ஓடும். ஆட்டோவுக்கு இங்கே பெயரே பஜாஜ்தான். ஊர் ஓரத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி ஜமைக்கா ஸஃபர் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. சிவப்பு, மஞ்சள், பச்சை பூசிய கதவுகள், முடியைச் சடையாக வளர்த்தவர்கள். சைவச் சாப்பாடு தேடி அங்கே போனேன். ராஸ்தாக்களில் பலர் இறைச்சி தொடமாட்டார்கள், உப்பும் போடமாட்டார்கள். வீட்டு வாசலில் நாலு பெஞ்சு போட்டு ஒரு பாட்டி சோறு விற்றுக்கொண்டிருந்தார். நான் இந்தியன் என்று தெரிந்ததும் மஞ்சள்பொடி டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். அவர் பிறந்தது ஜமைக்காவின் மேற்கே, வெஸ்ட்மோர்லாந்தில். அங்கே கரும்புத் தோட்டங்களுக்கு 1845 முதல் கப்பல் கப்பலாக இந்தியக் கூலிகளை ஏற்றிப் போனார்கள் அல்லவா, அவர்களின் பேரப்பிள்ளைகளோடுதான் இவர் விளையாடி வளர்ந்திருக்கிறார்.

பாட்டிக்கு எழுபதுக்கு மேல் வயது. 1992இல் கணவரோடும் நாலு வயது மகனோடும் எத்தியோப்பியாவுக்கு வந்தார். ராஸ்தாக்கள் சாமியாகக் கும்பிடும் பேரரசர் ஹைலே செலாசி பிறந்து நூறு ஆண்டு நிறைந்த வருடம் அது. விழாவுக்கு வந்த பலர் ஊர் திரும்பினார்கள். இவர்கள் திரும்பவில்லை. கணவர் கொத்தனார். கையிலிருந்த பணத்தைப் போட்டு ஒரு வீடு கட்டினார். விசா முடிந்தது, பாஸ்போர்ட்டும் காலாவதியானது. இங்கே ஒரு மகள் பிறந்தாள். எத்தியோப்பியாவில் பிறந்ததால் மட்டும் யாருக்கும் குடியுரிமை வந்துவிடாது, பெற்றவர்களில் ஒருவராவது எத்தியோப்பியராக இருக்க வேண்டும். ஜமைக்காக் கணக்கிலும் அவளைப் பதிவு செய்ய முடியவில்லை. வெளியேறலாம் என்றால் விசா இல்லாமல் இருந்த காலத்துக்கெல்லாம் அபராதம் கட்ட வேண்டும், அது வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போனது. பிறகு கணவர் இறந்துவிட்டார். வீட்டுக்குப் பட்டா கிடையாது. மகனுக்கு நிரந்தர வேலை கிடைக்கவில்லை. மகள் பள்ளி முடித்ததோடு படிப்பு நின்றது.

நிலத்தின் கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். இத்தாலி எத்தியோப்பியாவின் மேல் படையெடுத்தபோது அமெரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் இருந்த கறுப்பின மக்கள் காசு திரட்டினார்கள், குரல் கொடுத்தார்கள். அதற்கு நன்றியாக 1948இல் பேரரசர் இங்கே சுமார் 200 ஹெக்டேர் நிலத்தை ஒதுக்கினார். அடிமைக் கப்பலில் போனவர்களின் வாரிசுகள் திரும்பி வரட்டும் என்று. நோயல் டயர் என்று ஒரு ஜமைக்காக்காரர், லண்டனில் கூலி வேலை பார்த்தவர், 1960களில் கிளம்பி பாரிஸ், ஸ்பெயின் வழியாக மொராக்கோ வந்து, அங்கிருந்து அல்ஜீரியா, லிபியா, எகிப்து, சூடான் எல்லாம் தாண்டி, பெரும்பாலும் நடந்தே இங்கே வந்து சேர்ந்தார். அந்தப் பெயரை எடுத்தாலே பாட்டி நிமிர்ந்து உட்காருவார். 1974இல் புரட்சி. பேரரசர் போனார். அடுத்த வருடம் நிலமெல்லாம் அரசுடைமை. வந்து குடியேறியவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண் மிஞ்சியது.

இவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று தெரிய, பாட்டியின் சின்ன வயதுக்குப் போக வேண்டும். 1963இல் ஜமைக்காவில் கோரல் கார்டன்ஸ் கலவரம் என்று ஒன்று நடந்தது. அதைச் சாக்கிட்டு ராஸ்தாக்களைக் கண்ட இடத்தில் பிடித்து அடித்தார்கள், சிறையில் போட்டார்கள், சடையை வெட்டினார்கள். பாட்டியின் மாமாவுக்கும் அது நடந்தது. வீட்டுத் திண்ணையில் தலையைத் துணியால் மூடிக்கொண்டு அவர் நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தாராம். 2017இல் ஜமைக்கா பிரதமர் அதற்கு மன்னிப்புக் கேட்டார். அந்தக் கலவரம் நடந்து மூன்று வருடத்தில், 1966 ஏப்ரல் 21, பேரரசர் ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனுக்கு வந்தார். மாமா இவரை லாரியில் ஏற்றிக் கூட்டிப்போனார். காலையிலிருந்து மழை. விமான நிலையம் முழுக்க மனிதத் தலை. கூட்டம் தடுப்புகளைத் தாண்டி ஓடி விமானத்தையே சூழ்ந்துவிட்டது. பேரரசரால் இறங்கக்கூட முடியவில்லை. கடைசியில் மார்ட்டிமர் பிளானோ என்ற ராஸ்தா பெரியவர்தான் படியேறிப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். சிறையில் போடப்பட்ட கூட்டத்தில் ஒருவர் ஒரு ராஜாவுக்கு வழிவிடச் சொல்லி நிற்கிறார். மாமா அன்றைக்குத்தான் தலையிலிருந்த துணியை எடுத்தாராம். இதைச் சொல்லும்போது பாட்டிக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எனக்கும்தான்.

எனக்குள் ஒரு கேள்வி இருந்தது, அதைக் கேட்டும் விட்டேன். இதே பேரரசரின் ஆட்சியில்தான் 1973இல் வடக்கே வொல்லோ மாகாணத்தில் பஞ்சம் வந்து ஜனங்கள் செத்தார்கள், அரசு அதை வெளியே தெரியாமல் மறைத்தது. இங்குள்ள என் சக ஆசிரியர்கள் அவரைச் சாமி என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள். அவர் தானம் கொடுத்த நிலத்திலும் இந்தப் பகுதி மக்களான ஒரோமோ விவசாயிகள் ஏற்கெனவே இருந்தார்கள். பாட்டி கோபப்படவில்லை. "ராஜாவாக அவர் செய்ததற்கு வரலாறு கணக்குக் கேட்கட்டும், தம்பி. நீயும் மனுஷிதான் என்று எனக்கு முதலில் தெரியவைத்தது அவர் பெயர்" என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் சாமியா இல்லையா என்பதில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் இந்த அம்மாள் இருபது வருடத்துக்கு மேல் கையில் ஒரு தாள் இல்லாமல் தலைநிமிர்ந்து வாழ்ந்தது என் கண்ணெதிரே இருக்கிறது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நவம்பர் 2 பேரரசர் முடிசூடிய நாள், வருடம் 1930. அன்றைக்கு இரவெல்லாம் நையபிங்கி என்ற வழிபாடு. என்னையும் கூட்டிப்போனார்கள். வட்டமான கூடாரம், வெளியே அணையாமல் எரியும் தீ. பெண்கள் தலையை மூடிக்கொள்வார்கள், ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிடுவார்கள். மூன்று வகை முரசு. பெரியது இடி மாதிரி இறங்கும். நடுவில் உள்ள ஃபுண்டே ஒரே சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும், விடியும்வரை அதில் ஒரு மாற்றமும் இருக்காது. ரிப்பீட்டர் என்ற சின்ன முரசுதான் மேலே விளையாடும். நீ இருந்திருந்தால் ஃபுண்டே வாசிப்பவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாய். தாளம் போடுகிறவனின் பொறுமை உனக்குத்தான் தெரியும்.

பாப் மார்லி பாடிய ரெகே இசைக்கு இந்த முரசுச் சத்தத்திலிருந்துதான் ஆவி வந்தது. கிங்ஸ்டனில் கவுண்ட் ஓஸி என்ற முரசுக்காரரின் முகாமுக்கு இசைக்காரர்கள் போய் உட்காருவார்கள். 1960இல் ஒரு பாட்டுப் பதிவுக்கே அவருடைய முரசுகளைக் கொண்டுவந்துவிட்டார்கள். அப்புறம் பத்து வருடத்தில் ரெகே வளர்ந்து நின்றது. அதில் 'ஒன் டிராப்' என்று ஒரு தாளம் உண்டு. நாலு எண்ணிக்கையில் முதல் எண்ணிக்கையை முரசு காலியாக விட்டுவிடும், அடி மூன்றாவதில் விழும். கிடாரோ எண்ணிக்கைகளுக்கு இடையில் வெட்டும். அந்த நாளில் உன் கேசட்டைக் கேட்டுவிட்டு, "இவன் சமத்தில், தாளத்தின் முதல் அடியில், அடிக்கவே மாட்டேன் என்கிறான், ஆனால் சமம் எங்கே என்று எல்லாருக்கும் தெரிகிறது" என்று நீ சொன்னாய். பாட்டியின் மகனிடம் இதைச் சொன்னேன். நம் பாட்டுகளில் சமத்தில் தொடங்காமல் இடம் தள்ளி எடுப்பதையும் தொடையில் தட்டிக் காட்டினேன். அவன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். முதல் அடியை நாங்கள் அடிப்பதில்லை, அதைக் கேட்கிறவன் நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்றான்.

பேத்திக்கு 16 வயது. அம்ஹாரிக், ஒரோமோ, ஜமைக்கா ஆங்கிலம் மூன்றும் பேசுவாள். 1963இல் பேரரசர் ஐ.நா. சபையில் பேசியதில் ஒரு பகுதியை பாப் மார்லி 1976இல் கிட்டத்தட்ட அப்படியே பாட்டாக்கினார், நினைவிருக்கிறதா? ஒரு இனம் உயர்ந்தது, இன்னொன்று தாழ்ந்தது என்கிற எண்ணம் ஒழியும்வரை போர்தான் என்று வருமே, அது. அந்தப் பகுதியை இவள் முழுக்க மனப்பாடமாகச் சொல்வாள், பாட்டாக இருப்பதால்தான் மறக்கவில்லை என்கிறாள். அந்த வழிபாட்டு இரவில் அவள் பாட்டியிடம் கேட்ட கேள்வி என் காதிலும் விழுந்தது. பாபிலோன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து சீயோனை நினைத்து அழுதோம் என்ற பைபிள் சங்கீதத்தைப் பாடி முடித்திருந்தார்கள். ராஸ்தாக்களுக்கு எத்தியோப்பியாதான் சீயோன், சொந்தப் புனித பூமி. "நாம்தான் சீயோனுக்கே வந்துவிட்டோமே, இன்னும் ஏன் இதைப் பாடுகிறோம்?" என்றாள். பாட்டி சொன்னது, "வந்தது நான். உனக்கு இன்னும் கதவு திறக்கவில்லையே. திறக்கும்வரை பாடத்தான் வேண்டும்."

அதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது, சேகர். கதவு திறக்காததைப் பாட்டி ஒருபோதும் மறைத்ததில்லை. 2020 ஜூன் கடைசியில் ஒரோமோ பாடகர் ஹச்சாலு ஹுன்டேசா சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு ஷாஷமனேயில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. இந்தக் குடும்பம் விளக்கை அணைத்து உள்ளேயே இருந்தது. ஒரோமோப் பக்கத்து வீட்டுக்காரர்தான் மாவும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார். அந்த வீட்டில் ஹச்சாலுவின் பாட்டு, இந்த வீட்டில் சங்கீதம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மூங்கில் வேலிதான்.

2017இல் அரசாங்கம் ராஸ்தாக்களுக்கு அடையாள அட்டை கொடுப்பதாக அறிவித்தது. விசா இல்லாமல் இருக்கலாம், வேலை பார்க்கலாம், ஓட்டு கிடையாது. இவர்களுக்கும் கிடைத்தது. மகன் இப்போது மின்வேலை செய்கிறான், ரசீது போட்டுக் கூலி வாங்குகிறான். பேத்தி நர்சிங் படிக்க வேண்டும் என்கிறாள், ஹவாசாவில் எந்தக் கல்லூரியில் இந்த அட்டையை ஏற்பார்கள் என்று நான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அட்டை பாஸ்போர்ட் ஆகாது. வெஸ்ட்மோர்லாந்தில் பாட்டியின் அக்கா இன்னும் உயிரோடு இருக்கிறார். போனில் பேசிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

உன்னிடம் ஒரு உதவி கேட்க வேண்டும். பாட்டியின் மகன் மிருதங்கம் கேட்க வேண்டும் என்று ஒரே பிடியாக இருக்கிறான். கச்சேரிப் பதிவு வேண்டாம். நீ வகுப்பில் உட்கார்ந்து, ஆதி தாளம் போட்டுச் சமத்தில் ஒரு தரம், அரை இடம் தள்ளி ஒரு தரம் வாசித்து, எங்கே எடுக்கிறாய் என்று வாயால் சொல்லியும் பதிவு செய்து போனில் அனுப்பு. பேரனையும் கூடவே சொல்லச் சொல். பதிலுக்கு ஃபுண்டே வாசித்து அனுப்புவதாக அவன் ஒப்புக்கொண்டிருக்கிறான்.

தங்கச்சிக்கு என் அன்பு. பொங்கலுக்கு வர முடியாது, சித்திரையில் பார்க்கிறேன்.

உன்,
மூர்த்தி